எளிதாக விரியும் நுரையீரல் ஏன் மூச்சுத் திணற வைக்கிறது?

உங்கள் தந்தையாருக்கு எம்ஃபிசீமா இருப்பதாகவும், அவருடைய நுரையீரல் இறுக்கம் இழந்து தளர்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அத்தையாருக்கோ நுரையீரல் தழும்பேறி விறைத்துப் போயிருக்கிறது. விறைத்த நுரையீரலை விரிக்கச் சிரமப்பட வேண்டியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் தளர்ந்த நுரையீரல் சிறிய இழுப்பிலேயே விரிந்துவிடுமே, அப்படியிருக்க அப்பா ஏன் நான்கு படி ஏறியதும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதுவும் "காற்று உள்ளே போகவில்லை" என்றே ஏன் சொல்கிறார் என்பதுதான் உங்கள் கேள்வி. மிகச் சரியான இடத்தில் எழுந்த கேள்வி இது. மூச்சின் இயக்கவியல் முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலின் மீள்திறன், அதாவது இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் தன்மை, உள்மூச்சின்போது நாம் செலுத்த வேண்டிய ஒரு சுமை, உண்மைதான். ஆனால் வெளிமூச்சின்போது அதே மீள்திறன்தான் காற்றை வெளியே தள்ளுகிறது. அது மட்டுமின்றி, நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் பிடித்து இழுத்துத் திறந்து வைத்திருப்பதும் அதுவே. ஆகவே மீள்திறன் போனால் தள்ளும் விசையும் குறைகிறது, காற்று போகும் வழியும் குறுகுகிறது. பாடப்புத்தகங்கள் மீள்திறனை ஓர் அத்தியாயத்திலும் காற்றுவழித் தடையை இன்னோர் அத்தியாயத்திலும் வைப்பதால், இரண்டும் தனித்தனிச் சங்கதிகள் என்ற எண்ணம் மாணவர்களிடம்கூடப் பதிந்துவிடுகிறது. உடலுக்குள் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவர் இயல்பாக மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சைத் தொடங்குவதற்கு முன் இருக்கும் கணத்தில் அவருடைய நுரையீரலில் ஏறக்குறைய 2.5 லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பது தசை முயற்சி அன்று. எதிரெதிராக இழுக்கும் இரண்டு விசைகளின் சமநிலை. நுரையீரல் எப்போதும் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கிறது. விலா எலும்புகளும் தசைகளும் சேர்ந்த மார்புக்கூடு வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மூச்சு ஓய்வு கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ப்ளூரா என்னும் மெல்லிய உறையின் இரு அடுக்குகளும், அவற்றிடையே சிறிதளவு திரவமும் உள்ளன. இந்த இழுபறியால் அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். நுரையீரல் அழுத்தங்களை நீர்த்தம்பத்தின் உயரத்தால் செ.மீ. கணக்கில் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் இந்தக் குறைவு சுமார் 5 செ.மீ. மார்பில் காயம் பட்டு அந்த இடைவெளிக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் இந்த இழுபறி கண்ணுக்கே தெரியும்: நுரையீரல் சுருங்கி ஒடுங்குகிறது, அதே பக்கத்து மார்புச் சுவர் வெளியே விரிகிறது.

உள்மூச்சின்போது உதரவிதானம் சுருங்கித் தாழ்கிறது, விலா எலும்புகள் உயர்கின்றன, ப்ளூரா இடைவெளியின் அழுத்தம் மேலும் குறைகிறது. சராசரி நுரையீரல் ஒவ்வொரு 1 செ.மீ. அழுத்த மாற்றத்துக்கும் சுமார் 200 மி.லி. விரியும். எனவே 500 மி.லி. கொண்ட ஓர் இயல்பான மூச்சுக்கு 2.5 செ.மீ. அளவு கூடுதல் இழுப்பு போதும். அழுத்தம் மைனஸ் 5-லிருந்து மைனஸ் 7.5 ஆகிறது. காற்று குழாய்களில் ஓடும்போது எதிர்ப்படும் தடையைத் தாண்ட இதற்கு மேல் இன்னும் சிறிது வேண்டும். விநாடிக்கு அரை லிட்டர் வேகத்தில் காற்று ஓடுகிறது என்றும், தடை விநாடிக்கு 1 லிட்டருக்கு 2 செ.மீ. என்றும் வைத்தால், அதற்கான செலவு 1 செ.மீ. மட்டுமே. அமைதியாக அமர்ந்திருக்கும் ஆரோக்கியமான உடல் தான் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே மூச்சுவிடும் வேலைக்குச் செலவிடுகிறது. நாம் மூச்சு விடுகிறோம் என்பதையே மறந்து வாழ முடிவதற்கு இந்தச் சிக்கனம்தான் காரணம். வெளிமூச்சுக்கோ ஓய்வு நிலையில் தசை வேலையே கிடையாது. இழுத்து விரிக்கப்பட்ட நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. உள்மூச்சில் செலுத்திய உழைப்பு நுரையீரலில் சேமிக்கப்பட்டு வெளிமூச்சில் திரும்பக் கிடைக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையார் இழந்திருப்பது இந்தச் சேமிப்பைத்தான்.

இந்த மீள்திறன் எங்கிருந்து வருகிறது? பாதி விடை எல்லோருக்கும் தெரிந்தது: மூச்சுக்குழல்களின் முனையில் இருக்கும் சின்னஞ்சிறு காற்றுப் பைகளான நுண்ணறைகளின் சுவர்களில் வலைபோலப் பின்னியிருக்கும் எலாஸ்டின், கொலாஜன் என்னும் இழைகள். மீதிப் பாதி திகைப்பூட்டக்கூடியது. 1929-இல் ஃபான் நியர்கார்ட் என்ற மருத்துவர், நுரையீரலைக் காற்றால் நிரப்பினால் எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது, திரவத்தால் நிரப்பினால் எவ்வளவு என்று அளந்து ஒப்பிட்டார். திரவத்தால் நிரப்பும்போது மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. இழைகள் இரண்டு முறையும் அவைதாம், மாறியது ஒன்றுதான். நுண்ணறைகளின் உட்புறத்தில் ஈரமும் காற்றும் சந்திக்கும் பரப்பு திரவம் நிரம்பியபோது இல்லாமல் போயிற்று. ஆகவே நுரையீரல் சுருங்கும் விசையில் பெரும் பங்கு, இழைகளால் வருவதைவிட அந்த மெல்லிய ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசையால் வருகிறது. மூச்சியலில் இத்தனை எளிமையான சோதனை இத்தனை ஆழமான உண்மையை வெளிக்கொணர்ந்தது வேறெங்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

அந்தப் பரப்பு இழுவிசை வெறும் நீரின் அளவுக்கு இருந்தால் ஒவ்வொரு மூச்சும் பெரும் போராட்டமாகிவிடும். அதனால் நுண்ணறைச் சுவரில் இருக்கும் ஒருவகைச் செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரந்து, இழுவிசையைக் குறைத்து வைக்கின்றன. 1950களில் பாட்டில், கிளெமென்ட்ஸ் ஆகியோர் இப்பொருளின் இருப்பை நிறுவினார்கள். 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இது போதிய அளவு இல்லை என்று காட்டினார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் பிறந்து இரண்டே நாளில் இதே நோயால் இறந்தபோது, அதிபரின் பிள்ளைக்கே செய்ய அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் குறைப்பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழுவினர் சர்ஃபாக்டன்டையே குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்திக் காப்பாற்றினார்கள். இன்று நம் ஊர்களிலும் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டும் வழக்கமான மருத்துவம்.

காற்றுவழித் தடைக்கு வருகிறேன். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்து, இப்படிச் சராசரியாக 23 தலைமுறைகள் கிளைக்கின்றன என்று 1963-இல் வைபெல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு குழாயில் சீராக ஓடும் காற்றுக்கான தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது புவாசேயின் விதி. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். இதைக் கேட்டதும், முடியளவு மெல்லிய கடைசிக் குழல்களில்தான் தடை மிக அதிகமாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தக் குழல்கள் எண்ணிக்கையில் பல்லாயிரம், எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பவை, அவற்றின் மொத்த வெட்டுப்பரப்பு மூச்சுக்குழாயின் பரப்பைப் போலப் பல பத்து மடங்கு. ஆகையால் ஆரோக்கியமான நுரையீரலில் பெரும்பகுதித் தடை முதல் சில தலைமுறைகளைச் சேர்ந்த நடுத்தரக் குழல்களில் இருக்கிறது; 2 மி.மீ.-க்கும் குறைந்த விட்டமுள்ள குழல்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 1967-இல் மேக்லெமும் மீடும் அளந்து சொன்னார்கள். (மூக்கால் சுவாசிக்கும்போது மொத்தத் தடையில் ஏறக்குறைய பாதி மூக்கிலேயே இருக்கிறது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன், ஓடிக் களைத்தவர் வாயைத் திறப்பது இதனால்தான்.)

மருத்துவ நோக்கில் இதற்குக் கொடிய விளைவு ஒன்று உண்டு. புகை முதலில் தாக்குவது அந்தச் சிறு குழல்களைத்தான். அங்கே பாதிக்கு மேல் சேதமானாலும் மொத்தத் தடை பெரிதாகக் கூடாது. நோயாளிக்கு எதுவும் தெரியாது, வழக்கமான சோதனையும் இயல்பாகவே வரும். அதனால் அந்தப் பகுதிக்கு நுரையீரலின் மௌனப் பகுதி என்றே பெயர் வைத்தார்கள். "இருபது வருஷமாகப் புகைத்தேன், ஒன்றும் ஆகவில்லை, போன வருஷம்தான் திடீரென்று வந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இருபது வருஷமும் மௌனமாக நடந்தது அவர்களுக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான்.

இப்போது இரண்டு இழைகளையும் முடிச்சிடும் இடத்துக்கு வந்துவிட்டோம். பெரிய மூச்சுக்குழல்களுக்குக் குருத்தெலும்பு வளையங்களோ தகடுகளோ இருப்பதால் அவை எளிதில் அமுங்குவதில்லை. சிறு குழல்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. அவற்றைச் சூழ்ந்திருக்கும் நுண்ணறைச் சுவர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் குழலின் வெளிப்புறத்தைப் பற்றி இழுத்துக்கொண்டிருப்பதால்தான் அவை திறந்திருக்கின்றன. நுரையீரல் விரியும்போது அந்த இழுப்பு கூடுகிறது, குழல்கள் அகலமாகின்றன, தடை குறைகிறது. நுரையீரல் ஒடுங்கும்போது மாறாக நடக்கிறது. ஆஸ்துமா வந்தவர் மார்பை நிறைத்து வைத்துக்கொண்டே அதன் மேல்நிலையில் குட்டி மூச்சுகள் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இழுப்பின் உதவியால் குழல்களைத் திறந்து வைக்கத்தான் உடல் அப்படிச் செய்கிறது.

எம்ஃபிசீமாவில் அழிவது இந்த நுண்ணறைச் சுவர்கள்தாம். வெள்ளணுக்கள் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி எலாஸ்டின் இழைகளைக் கரைக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்த ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின் என்ற புரதம் இரத்தத்தில் இருக்கிறது. சிகரெட், பீடிப் புகை வெள்ளணுக்களை நுரையீரலுக்குள் குவிக்கிறது, அந்தக் காவல் புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. பிறவியிலேயே அந்தப் புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு இளம் வயதில் எம்ஃபிசீமா வருவதை 1963-இல் ஸ்வீடனில் லாரெலும் எரிக்சனும் கண்டறிந்ததால்தான் இந்தச் சமநிலை நமக்குப் புரிந்தது. விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு வரும் நோய் சற்று வேறுபட்டது. அவர்களில் பலருக்குச் சுவர் அழிவதைவிடச் சிறு குழல்கள் தடித்துச் சுருங்குவதே மிகுதி. நம் ஊரில் புகைபிடித்தவருக்குத்தான் சி.ஓ.பி.டி. (எம்ஃபிசீமாவையும் உள்ளடக்கிய, காற்றுவழி அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வரும் என்ற நம்பிக்கையால் அந்தப் பெண்களின் இளைப்பு வயதின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

தளர்ந்துபோன எலாஸ்டிக் நாடாவை இழுத்துப் பாருங்கள்: முன்னைவிட எளிதாக நீளும், ஆனால் திரும்பி வராது. உங்கள் தந்தையாரின் நுரையீரலும் அப்படித்தான் எளிதாக விரிகிறது. அந்த எளிமையால் அவருக்கு லாபமில்லை. ஏனென்றால் அந்த இரண்டரை செ.மீ. இழுப்பு ஒருபோதும் நமக்குப் பாரமாக இருந்ததில்லை, போனது திரும்பி வரும் விசை.

"அப்படியானால் தசைகளைக் கொண்டு பலமாக ஊதிக் காற்றை வெளியேற்றிவிடலாமே" என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கேதான் நுட்பமான தடங்கல் இருக்கிறது. பலமாக ஊதும்போது மார்புக்கூடு நுரையீரலை அழுத்துகிறது. ப்ளூரா இடைவெளியின் அழுத்தம், எடுத்துக்காட்டாக, பிளஸ் 20 செ.மீ. ஆகிறது என்று கொள்வோம். ஆரோக்கியமான நுரையீரலின் சுருங்கும் விசை அந்த நிலையில் 10 செ.மீ. என்றால், நுண்ணறைக்குள் அழுத்தம் 30. அந்த 30 வாயை நோக்கி வர வரப் படிப்படியாகக் குறைந்து, வாயில் பூஜ்ஜியமாகிறது. வழியில் எங்கோ ஓரிடத்தில் அது 20 ஆகும். அந்த இடத்தில் குழலின் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம். அதைத் தாண்டி வாயின் பக்கமாக வெளியழுத்தமே அதிகம், ஆகவே குழல் நசுங்கப் பார்க்கும். ஆரோக்கியமானவருக்கு இந்தச் சமநிலைப் புள்ளி குருத்தெலும்பு உள்ள பெரிய குழல்களில் விழுவதால் பெரிய தீங்கு இல்லை. எம்ஃபிசீமாவில் சுருங்கும் விசை 3 செ.மீ. மட்டும் என்றால் நுண்ணறைக்குள் அழுத்தம் 23 தான். 23 என்பது 20 ஆவதற்கு அதிக தூரம் வேண்டாம். குருத்தெலும்பு இல்லாத, பிடித்து இழுக்கச் சுவரும் இல்லாத சிறு குழல்களிலேயே அந்தப் புள்ளி விழுந்துவிடுகிறது. குழல் அங்கேயே நசுங்குகிறது. இன்னும் பலமாக ஊதி 20-ஐ 40 ஆக்கினால் நுண்ணறைக்குள் 43 ஆகும். வித்தியாசம் அதே 3. எவ்வளவு முயன்றாலும் காற்றின் வேகம் ஒரு வரம்பைத் தாண்டாது என்பதும், அந்த வரம்பை நிர்ணயிப்பது தசைபலத்தைவிட நுரையீரலின் மீள்திறனே என்பதும் 1967-இல் மீடும் அவருடைய சகாக்களும் வகுத்துச் சொன்னவை.

ஸ்பைரோமெட்ரி அறையில் இதை நேரிலேயே காணலாம். நோயாளி மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுத்து, குழாயைப் பற்களுக்கிடையில் வைத்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும். பரிசோதகர் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆரோக்கியமான ஒருவர் முதல் விநாடியிலேயே மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெளியேற்றிவிடுவார், வளைகோடு செங்குத்தாக ஏறிச் சீக்கிரமே சமதளமாகும். எம்ஃபிசீமா உள்ளவருக்குக் கழுத்துத் தசைகள் புடைத்து, முகம் சிவந்து, ஆறு விநாடி கடந்த பின்னும் கோடு சற்றே சாய்வாக ஏறிக்கொண்டிருக்கும். காற்று இன்னும் உள்ளே இருக்கிறது, கசிந்து வருகிறது. முதல் விநாடியில் வந்த அளவை மொத்த அளவால் வகுத்து, இன்ஹேலர் மருந்து கொடுத்த பின்னும் அது 0.7-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நோய் என்பது மருத்துவ வரையறை. தந்தையாரின் அறிக்கையில் எஃப்.இ.வி.1, எஃப்.வி.சி. என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள்; அந்த வகுத்தலின் இரு உறுப்புகள் அவையே.

இனி, காற்று வெளியே போகாத நோயில் "உள்ளே போகவில்லை" என்று அவர் ஏன் சொல்கிறார் என்பதைப் பார்ப்போம். நுரையீரல் காலியாக எடுக்கும் காலம், அதன் விரியும் இயல்பையும் காற்றுவழித் தடையையும் பெருக்கினால் கிடைப்பதைப் பொறுத்தது. மார்புச் சுவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆரோக்கியமானவருக்கு 1 செ.மீ.-க்கு 0.1 லிட்டர், தடை 2, பெருக்கினால் 0.2 விநாடி. அதைப் போல மூன்று மடங்கு காலத்தில், அதாவது 0.6 விநாடியில், 95 சதவீதம் காலியாகிவிடும். உதாரணத்துக்கு எம்ஃபிசீமாவில் விரியும் இயல்பு 0.15 ஆகவும் தடை 10 ஆகவும் கூடினால் பெருக்கல் 1.5 விநாடி, முழுதாகக் காலியாக 4.5 விநாடி. நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விடுபவருக்கு ஒரு முழு மூச்சுக்கே 3 விநாடிதான் இருக்கிறது. முந்தைய மூச்சு வெளியேறும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. காற்று உள்ளே தேங்குகிறது.

அந்தத் தேக்கம் மூன்று விதமாக வதைக்கிறது. வெளிமூச்சு முடியும்போது நுண்ணறைக்குள் இன்னும் நேர் அழுத்தம் மிச்சமிருப்பதால், உள்ளிழுக்கத் தொடங்கும் தசை முதலில் அந்த அழுத்தத்தை ஈடுகட்டிய பிறகே ஒரு துளிக் காற்றையாவது உள்ளே கொண்டுவர முடியும். இரண்டாவது, நுரையீரல் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருப்பதால் மேலும் விரிய இடமில்லை. எவ்வளவு தளர்ந்த நுரையீரலானாலும் அதன் உச்ச எல்லைக்கு அருகில் விறைப்பாகவே நடந்துகொள்ளும், அந்த அளவில் மார்புக்கூடும் உள்நோக்கியே அழுத்தும். மூன்றாவது, குவிந்த வடிவில் இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது; தட்டையான தசை சுருங்கினால் கீழே இறங்குவதற்குப் பதில் கீழ் விலா எலும்புகளையே உள்ளுக்கு இழுக்கிறது. மூச்சை இழுக்கும்போது உங்கள் தந்தையாரின் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்று கவனியுங்கள். ஓய்வில் இருக்கும்போது சமாளித்துவிடும் அவர் படியேறினால் மூச்சு வேகம் கூடுகிறது, வெளிவிடும் நேரம் குறைகிறது, தேக்கம் ஒவ்வொரு மூச்சிலும் ஏறுகிறது. நான்காவது படியில் அவர் உணர்வது உண்மையிலேயே உள்மூச்சுக்கு இடமின்மைதான். அவர் சொல்வது சரி. காரணம் மட்டும் வெளிமூச்சில் இருக்கிறது.

அத்தையாரின் நிலை இதற்கு நேர் எதிர். தழும்பேறிய நுரையீரல் 1 செ.மீ.-க்கு 50 மி.லி. மட்டுமே விரிகிறது என்று வைத்துக்கொண்டால், 500 மி.லி. மூச்சுக்கு 10 செ.மீ. இழுப்பு தேவை. அந்த உழைப்பைத் தவிர்க்க உடல் 300 மி.லி. அளவிலான சிறு மூச்சுகளுக்கு மாறிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. குழாய்களிலேயே நின்றுவிடும், நுண்ணறையை எட்டாது. 500-இல் 350 எட்டிய இடத்தில் இப்போது 150 மட்டுமே எட்டுகிறது. அதே அளவு காற்று நுண்ணறைக்குச் சேர நிமிடத்துக்கு 12 மூச்சுக்குப் பதில் 28 மூச்சு விட வேண்டும். அத்தையார் வேகவேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுவதற்கு இதுவே காரணம். அவருக்குக் காற்றுவழித் தடை கூடவில்லை; விறைத்த திசு குழல்களை இன்னும் பலமாக இழுத்து அகலப்படுத்தியே வைத்திருக்கிறது. ஆகவே அவருடைய சோதனையில் மொத்த அளவு குறைவாகவும், வகுத்து வரும் விகிதம் இயல்பாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். (நுண்ணறைச் சுவர் தடிப்பதால் ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதும் அவருக்குக் குறைகிறது, அது வேறு கதை.)

மீள்திறனும் தடையும் பிணைந்தவை என்பதற்கு அறுவை சிகிச்சை அறையிலிருந்தே ஒரு சான்று உண்டு. 1950களில் அமெரிக்காவில் ஓட்டோ பிராண்டிகன் என்ற மருத்துவர், எம்ஃபிசீமா நோயாளிகளின் நுரையீரலில் மிகவும் சிதைந்த பகுதிகளை வெட்டி எடுத்தால் மூச்சு எளிதாகும் என்றார். மூச்சுக்கே தவிப்பவரின் நுரையீரலை இன்னும் குறைப்பதா என்று பலருக்கும் அது ஏற்க முடியாததாக இருந்தது. அறுவையில் இறந்தவர்களும் அதிகம், முறை கைவிடப்பட்டது. 1990களில் ஜோயல் கூப்பர் அதை மீட்டெடுத்தார். 2003-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, மேல் மடல்களில் நோய் அதிகமாகவும் உடலியக்கத் திறன் குறைவாகவும் உள்ளவர்களுக்கு இது ஆயுளையே நீட்டுகிறது என்றும், நுரையீரல் திறன் மிகவும் குறைந்துவிட்ட சிலருக்கு ஆபத்தானது என்றும் காட்டியது. தொளதொளத்த பகுதி நீங்கியதும் மிஞ்சிய நுரையீரல் சற்றே இழுபட்டு விறைப்புப் பெறுகிறது, அந்த விறைப்பு குழல்களைத் திறக்கிறது, உதரவிதானத்துக்கும் குவிய இடம் கிடைக்கிறது. இப்போது வெட்டாமலே மூச்சுக்குழலில் ஒருவழி வால்வு பொருத்தி அந்தப் பகுதியைச் சுருங்க வைக்கும் முறையும் வந்திருக்கிறது. உங்கள் தந்தையாருக்கு இவை பொருந்துமா என்பதை அவருடைய சி.டி. ஸ்கேனைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரிடம் கேட்கலாம்.

அன்றாடத்துக்குப் பயன்படுவது அவர் ஏற்கெனவே தானாகச் செய்துகொண்டிருக்கக்கூடிய ஒன்று: உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை விடுவது. குவிந்த உதடுகளில் அழுத்தம் சிறிது தேங்குவதால் குழல்களுக்குள் அழுத்தம் உடனே சரிவதில்லை. நான் மேலே சொன்ன சமநிலைப் புள்ளி சிறு குழல்களைவிட்டு வாயின் பக்கம் நகர்கிறது. மூச்சின் வேகமும் குறைந்து காலியாக நேரம் கிடைக்கிறது. குறைமாதக் குழந்தை முனகிக்கொண்டே மூச்சு விடுவதும் இதற்கு உறவான தந்திரம்தான்; அது குரல்வளையைப் பாதி மூடி, நுண்ணறைகள் ஒடுங்கிவிடாதபடி காற்றைப் பிடித்துவைக்கிறது. படியேறும்போது இரண்டு படிக்கு மூச்சை வெளியே விட்டுக்கொண்டு ஏறி, நின்று, இழுத்துக்கொண்டு மீண்டும் ஏறச் சொல்லுங்கள். பலூன் ஊதச் சொல்லியோ, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வாங்கிக் கொடுத்தோ பலர் உதவ முயல்கிறார்கள். பந்துக் கருவி அறுவைக்குப் பின் ஒடுங்கிய நுரையீரலை விரிப்பதற்கானது. அவருடைய நுரையீரலோ ஏற்கெனவே அளவுக்கு மேல் விரிந்திருக்கிறது. பலமாக ஊதினால் என்ன ஆகும் என்பதை 23-க்கும் 43-க்கும் போட்ட கணக்கிலேயே பார்த்தோம்.

இன்ஹேலர் போட்ட பிறகும் எஃப்.இ.வி.1 எண் பெரிதாக ஏறவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். மருந்து குழல் தசையைச் சற்றே தளர்த்தித் தேக்கத்தைக் குறைத்தால், அந்த எண் அதிகம் மாறாமலே அவரால் கூடுதல் தூரம் நடக்க முடியும். எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அறிக்கையின் எண்ணோடு, நிற்காமல் எத்தனை படி ஏறுகிறார், குளித்துத் தலை துவட்ட முடிகிறதா என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எஞ்சு கொள்ளளவு என்ற, வெளியேற்ற முடியாமல் மிஞ்சும் காற்றின் அளவைச் சோதிக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.